கண்ணன் வேண்டுமா? மேய்ச்சல் காடு வேண்டுமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கோடை விழாப் பார்க்க மோட்டாரில் போகிறவர்கள் அந்த வளைவுகளை எண்ணிக்கொண்டே போய்விடுகிறார்கள். அடிவாரத்துக் கரட்டில், பத்து ஆட்டையும் இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு, காட்டிலாகா நட்டு வைத்திருக்கும் எல்லைக் கல்லுக்கு இந்தப் புறம் நிற்பதா அந்தப் புறம் போவதா என்று தயங்கி நிற்கிற மனிதர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்த மனிதரைப் பற்றியே இந்த வாரம் எழுதத் துணிந்தோம்.

அவரைப் பார்த்து, "ஐயா, நீர் சாமானியர் அல்ல, கண்ணபிரான் வளர்ந்த குலம், யதுவம்சம்" என்று சொல்லுகிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. அகில இந்திய யாதவ மகாசபை என்பது 1924-இல் அலகாபாத்தில் ஏற்பட்டது. 1931-ஆம் வருஷத்து ஜனக்கணக்கு வந்தபோது, ஆடு மாடு மேய்க்கும் ஜாதியார் எல்லோரும் பழைய பெயரை விட்டு 'யாதவர்' என்றே எழுதிக்கொள்ள வேண்டும் என்று நாடெங்கும் முயற்சி நடந்தது. தமிழ்நாட்டு இடையரும், கோனாரும், ஆயரும், தெலுங்கு பேசும் கொல்லரும் இன்று சர்க்காரின் பிற்பட்டோர் பட்டியலில் 'யாதவர்' என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகிறார்கள். இழிவாய்த் தோன்றுகிற பெயரை மாற்றிக்கொள்ள விரும்புவதை நாம் குறை கூறவில்லை. தன்மானம் உள்ளவன் அப்படித்தான் நினைப்பான். ஆனால் பெயர் மாறிய பிறகு மரியாதை மாறிற்றா, மேய்ச்சல் நிலம் திரும்ப வந்ததா என்பதே நம் கேள்வி.

முதலில் கண்ணன் கதையையே எடுத்துக்கொள்ளுவோம். அதை நாம் நம்புகிறோம் என்பதல்ல. நம்புகிறவர்களாவது அதை ஒழுங்காய்ப் படித்தார்களா என்று கேட்கிறோம். அந்தப் புராணத்தின்படி கண்ணன் இடையனுக்குப் பிறந்தவன் அல்ல. க்ஷத்திரியனுக்குப் பிறந்து, உயிருக்குப் பயந்து இரவோடிரவாக இடையர் வீட்டில் கொண்டுபோய் விடப்பட்டவன். வெண்ணெய் தின்றதும் அடிபட்டதும் இடைச்சேரியில். கம்சனைக் கொன்று ஆபத்து நீங்கியதும் பூணூல் கல்யாணம் நடந்தது மதுரையம்பதியில், அதாவது வடமதுரையில். படிப்புக்குப் போனது பார்ப்பனக் குருவிடம். ராஜ்யம் ஆண்டது துவாரகையில். வளர்த்த நந்தகோபனுக்கும் யசோதைக்கும் கிடைத்தது என்ன? போன பிள்ளை அந்த ஊரில் குடியிருக்கத் திரும்பி வரவில்லை என்பதுதான். சோறு போட இடையன் வேண்டும். பூணூல் போட இடையன் ஆகமாட்டான். இந்தக் கதையை வைத்துக்கொண்டா நாம் பெருமை பேசிக்கொள்ளுவது?

இன்னும் ஒரு வேடிக்கை பாருங்கள். பசுவைக் காப்பது வைசியனுடைய தர்மம் என்று மனு சொல்லுகிறான். கண்ணன் வாயில் வைத்துச் சொல்லப்பட்ட கீதையும் அதையே சொல்லுகிறது. அப்படியானால் தலைமுறை தலைமுறையாய்ப் பசுவையே காத்துவந்த தமிழ்நாட்டு இடையரை வைசியர் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஏன் சூத்திரர் என்றார்கள்? தொழிலைப் பார்த்துத்தான் வருணம் வகுத்தது என்று மேடையில் பேசுகிற சாஸ்திரிகள் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும். தொழில் உயர்ந்ததாம், அதைச் செய்கிறவன் தாழ்ந்தவனாம்!

1909-இல் தர்ஸ்டன் துரை வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய புத்தகத்தில், இடையருக்கு அவர்கள் நிலைக்கு மிஞ்சிய மதிப்பு இருப்பதற்கு இரண்டு காரணங்கள் காட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று கண்ணன் கதை. மற்றொன்று பாலும் நெய்யும் அவர்களிடமே வாங்கியாக வேண்டியிருந்தது. இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணம். பால் இல்லாமல் பார்ப்பனருக்கு மோர்ச் சாதமும் இல்லை, சாமிக்கு அபிஷேகமும் இல்லை. ஆகவே பாலுக்குத் தீட்டு இல்லை என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்தப் பாலைக் கறந்த கை மட்டும் கருவறை வாசற்படிக்கு வெளியே நின்றது. எல்லா ஜாதியாரும் பயிற்சி பெற்று அர்ச்சகர் ஆகலாம் என்பதற்கு நம் இயக்கம் எத்தனை வருஷம் போராட வேண்டியிருந்தது, 2021 ஆகஸ்டில் சிலருக்கு நியமனம் கிடைத்த பிறகும் எத்தனை வழக்குகள் என்பதெல்லாம் வாசகர்கள் அறிந்ததே.

மதிப்பு இருந்தது என்கிறார்களே, அந்த மதிப்பின் லட்சணத்தைப் பழமொழியில் பாருங்கள். இடையனுக்குப் புத்தி பிடரியிலே என்று பரிகாசம். சைவர்கள் கதையோ இன்னும் மோசம். திருமூலர் என்னும் ஞானி ஒரு மாட்டிடையர் என்று பெருமையாய்ச் சொல்லுவார்கள். கதையைக் கேட்டால், மூலன் என்கிற இடையன் செத்துக் கிடந்தானாம்; கயிலாயத்திலிருந்து வந்த யோகி ஒருவர் அந்த உடம்புக்குள் புகுந்துகொண்டு பாடினாராம். அதாவது மாடு மேய்க்கிறவன் உயிரோடு இருக்கும்வரை அவன் வாயில் ஞானம் வரக்கூடாது. அவன் செத்து, வடக்கேயிருந்து வேறொரு உயிர் வந்து குடியேறினால்தான் வரலாம். இடையர் குலத்தில் பிறந்த ஒருவர் தாமே யோசித்துத் தாமே பாடினார் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

நிற்க. சரித்திரம் என்பது இந்தக் கதைகளுக்கு வெளியே இருக்கிறது. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாய்ப் பிரித்துப் பேசியபோது காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றார்கள். அங்கே வாழ்ந்தவர் ஆயர். அங்கே வருணமும் இல்லை, யதுவம்சமும் இல்லை. சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே மஞ்சவாடிக் கணவாய் வழியாய் இறங்கினால் அரூர். அதற்கப்பால் தர்மபுரி, செங்கம் பக்கம். அந்த வட்டாரத்தில் ஆயிரம் வருஷத்துக்கும் முற்பட்ட நடுகற்கள் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிற் பல, மாட்டு மந்தையைக் கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவர்களுக்கு ஊரார் நட்டவை. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருந்த காலம் அது. அந்தச் செல்வத்தைக் காத்தவனுக்குக் கல் நட்டார்கள். எந்த ஜாதி என்று கேட்டு நட்டதாய்த் தெரியவில்லை.

பிறகு ராஜாக்கள் வந்தார்கள், கோயில்கள் வந்தன. ராஜராஜ சோழன் தஞ்சையில் 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயிலின் சுவர்களைப் படித்தால் இடையருடைய கதி என்னவாயிற்று என்பது விளங்கும். ஒரு விளக்கு அணையாமல் எரிய ஒரு நாளைக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு மூலதனமாகத் தொண்ணூற்றாறு ஆடு, அல்லது நாற்பத்தெட்டுப் பசு, அல்லது பதினாறு எருமை. இவற்றைப் பெயர் பெயராய் இடையர்களிடம் ஒப்படைத்துக் கல்லில் வெட்டினார்கள். இப்படிக் கோயில்களுக்கு விடப்பட்ட ஆட்டுக்கு அக்காலக் கல்வெட்டுகள் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத ஆடு, கிழடாகாத ஆடு! உலகத்தில் அப்படி ஓர் ஆட்டை யாராவது கண்டதுண்டா? ஆடு செத்தாலும் கணக்கில் சாகக்கூடாது என்பதே அதன் அர்த்தம். மழை பெய்து மந்தை பெருகிய வருஷத்தில் மிஞ்சிய குட்டி இடையனுக்கு லாபம் என்பது மெய்தான். பஞ்சத்திலும் நோயிலும் மந்தை விழுந்த வருஷத்தில் யார் கொடுப்பார்கள்? சந்திர சூரியர் உள்ளவரை அவனும் அவன் சந்ததியும் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். அக்காலக் கல்வெட்டில் இடையருக்கு 'மன்றாடி' என்று ஒரு பெயர். இன்றைக்கு மன்றாடுதல் என்றால் கெஞ்சிக் கேட்பது என்று அர்த்தம் ஆகிவிட்டது. தற்செயலாய்த்தான் இருக்கும், ஆனாலும் பொருத்தமாய் இருக்கிறது.

இதற்குள் அவர்களுக்குள்ளேயே எத்தனை பிரிவுகள்! பெருந்தாலி, சிறுதாலி, கல்கட்டி, பாசி, பஞ்சாரங்கட்டி. பெண்கள் கழுத்தில் தொங்குகிற தாலி பெரிதா சிறிதா, கருகமணியா பாசியா என்பதைக் கொண்டு ஆண்கள் ஜாதி பிரித்துக்கொண்டார்கள். விலங்கின் அளவை வைத்துக் கௌரவம் பேசுவதைப் போல! சிலப்பதிகாரத்தில் ஊர் பேர் தெரியாத கண்ணகிக்கும் கோவலனுக்கும் அடைக்கலம் கொடுத்தவள் மாதரி என்கிற இடைக்குலப் பெண். நீ என்ன தாலி என்று அவள் கேட்கவில்லை.

இனி மலைக்கு வருவோம். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயனில் காப்பி வைத்தார். பிறகு தோட்டம் தோட்டமாய் வெள்ளைக்காரர் ஏறினார்கள். பெருமரங்களை வெட்டிச் சரிவு சரிவாய்க் காப்பி நட்டார்கள். அதற்குப் பெயர் அபிவிருத்தி. 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காடு என்று கோடு கிழித்து, அதற்குள் மாட்டை விட்டால் குற்றம் என்றது. அதற்குப் பெயர் பாதுகாப்பு. வெள்ளைக்காரன் போன பிறகு அலுமினியத்துக்காக அதே மலையின் உச்சியைப் பாக்சைட் என்று தோண்டினார்கள். அதற்குப் பெயர் தொழில் வளர்ச்சி. ஆடு ஒரு கொழுந்தைக் கடித்ததற்குத்தான் பெயர் காட்டழிவு!

இடையன் வெட்டு அறாவெட்டு என்று ஒரு பழமொழி உண்டு. ஒரு காரியத்தை முழுக்க முடிக்காதவனை ஏளனம் செய்ய அதைச் சொல்லுகிறார்கள். அதன் உட்பொருளை யோசித்தவர்கள் குறைவு. ஆட்டுக்குத் தழை வேண்டும், கிளையும் சாகக்கூடாது. ஆகவே இடையன் கிளையைத் துண்டாக்காமல் பாதி வெட்டித் தொரட்டியால் வளைத்துச் சாய்த்து விடுகிறான். ஆடு மேய்கிறது, பட்டை ஒட்டியிருப்பதால் கிளை மறுபடி துளிர்க்கிறது. அடுத்த வருஷமும் அந்த மரம் வேண்டும் என்று அறிந்தவனுடைய வெட்டு அது. காட்டைப் பற்றி இதைவிடத் தெளிவாய் யோசித்தவர் யார்? வேரோடு வெட்டினவன் துரை. வேரை விட்டுவைத்தவன் பிடரியில் புத்தியுள்ளவன்!

எல்லா மேய்ச்சலும் நல்லதே என்று நாம் சாதிக்கவில்லை. இளங்கன்று நட்ட இடத்தில் வெள்ளாடு புகுந்தால் கன்று பிழைக்காது. புலியும் யானையும் உள்ள காட்டில் மந்தையை விட்டால் நோய் பரவும், ஆளும் போவார். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த மாதமே அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. எங்கே கூடும், எங்கே கூடாது என்பதை இடம் பார்த்துத் தீர்மானிக்கலாம். அதைத் தீர்மானிக்கும் மேசையில் மேய்க்கிறவனுக்கு ஒரு நாற்காலி இல்லை என்பதே நம் வழக்கு.

மலைமேல் இருக்கிற மலையாளிகள் நிலையையும் சொல்லவேண்டும். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தமிழ் பேசும் மலைக்குடிகள். தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர், அண்ணன் தம்பி மூவர் வழி என்பது இவர்கள் சொல்லிக்கொள்ளும் கதை. சேர்வராயன் குகைக் கோயிலிலிருந்து காவேரி மூலம்வரை சுரங்கம் போகிறது என்பது போன்ற கதைதான் அதுவும். மலையில் பிறந்தேன், மலையில் உழைத்தேன் என்று சொன்னால் போதாதா? கீழ்நாட்டு உயர்ஜாதிப் பாட்டன் ஒருவனைத் தேடிப் பிடித்தால்தான் மானமா? இவர்களைச் சர்க்கார் பழங்குடி என்று ஒப்புக்கொண்டது, ஆனால் ஜில்லாப் பெயர்களைக் குறித்து ஒப்புக்கொண்டது. சேலம் பட்டியலில் இருக்கிறது, கோவை இல்லை. அதனால் பர்கூர் மலையிலிருக்கும் அதே மலையாளி, பழைய கோவை ஜில்லாவில் பிறந்த குற்றத்துக்காக, பழங்குடி அல்லாதவர் ஆனார். 1979-இல் அந்தப் பகுதி பெரியாரின் பெயரிலேயே தனி ஜில்லா ஆனபோதும் அந்தக் குறை தீரவில்லை. கம்பளி நெய்து செம்மறி மேய்த்த குறும்பரோ, 'குருமன்' என்று எழுதுவதா 'குறும்பர்' என்று எழுதுவதா என்ற தகராறில் சர்ட்டிபிகேட்டுக்கு அலைகிறார்கள். மேச்சேரி ஆட்டுக்கும் சேலம் கருப்பு வெள்ளாட்டுக்கும் இனப் பதிவு சுலபமாய் நடந்துவிட்டது. வளர்த்தவனுக்குத்தான் தாமதம்.

கோனார் தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மேலே இருப்பவன் நம்மைச் சூத்திரன் என்றால் எரிகிறது. ஆதிதிராவிடர் நம் தெருக் கோயிலுக்குள் வந்தால் நமக்கு ஏன் எரிகிறது? 1929-இல் செங்கல்பட்டு முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானித்தோம். 1944-இல் இந்த மலையின் அடிவாரமான சேலத்தில்தான் இயக்கம் திராவிடர் கழகம் என்ற பெயர் பெற்றது. அத்தனையும் நடந்த ஊரில் இன்று ஜாதி மாநாட்டுக்குத் தோரணம் கட்டுகிறார்கள். அதற்கு வசூலாகும் பணத்தில் எத்தனை இடைச்சேரிப் பெண் பிள்ளைகள் மேல்படிப்புப் படிக்கலாம்?

2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேய்ப்பவரையும் அது சொல்லுகிறது. பழங்குடி அல்லாதவர், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து வருஷம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டவேண்டும். முதலில் மனுவை வாங்க வேண்டியது கிராம சபை. இடையரிடம் ரிக்கார்டு ஏது என்று அதிகாரிகள் கேட்பார்கள். அதற்கும் விதியில் வழி இருக்கிறது: மனுச் செய்யாத முதியவர்கள் சொல்லுவதை எழுதி வாங்கிக்கொண்டால் அதுவும் சாட்சியமே. எந்தச் சரிவில் எந்த மாதம் மந்தை நின்றது, எந்தச் சுனையில் தண்ணீர் காட்டினார்கள், பட்டி எங்கே இருந்தது என்பதை வாய்க்கணக்காய்ச் சொல்லக்கூடிய கிழவர்களும் கிழவிகளும் அடிவாரத்து ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த கோகுலாஷ்டமிக்கு உறியடிக்கக் கூடுகிற வாலிபர்கள், அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போய் உட்காரட்டும்.