தண்ணீர் ஊற்றும் அக்காவைப் பேச விடுங்கள்!

பூங்காவுக்குள் நுழைந்ததும் நாம் படிக்கும் முதல் பாடம் எது? 'பூக்களைப் பறிக்காதீர்கள்'. இரண்டாவது பாடம், 'புல்தரையில் நடக்காதீர்கள்'. மூன்றாவதாக ஒரு விசில் சத்தம் வரும். எங்கோ ஒரு குழந்தை கிளையைப் பிடித்து இழுத்திருக்கும்.

எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல ஆள் இருக்கிறார். அது என்ன பூ, எந்த ஊரிலிருந்து வந்தது, எதற்காக அந்த நிறம் என்று சொல்லத்தான் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. மரத்தில் ஒரு பெயர்ப் பலகை தொங்கும். அதில் வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயர் இருக்கும். பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒருவர் ரப்பர் குழாயோடு நின்றுகொண்டிருப்பார். எந்தச் செடி எந்த மாதம் பூக்கும், எதில் பூச்சி விழும், எந்தக் கிளையில் காக்கா கூடு கட்டியிருக்கிறது என்று எல்லாம் அவருக்குத் தெரியும். நாம் அவரிடம் கேட்பதோ, 'பாத்ரூம் எந்தப் பக்கம்?' என்ற ஒரே கேள்விதான். அவரைப் பேச வைத்தால் என்ன? அதற்கு என்ன பயிற்சி வேண்டும்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பரீட்சைக்குத் தெரியும், தெருவில் தெரியாது

'குறிஞ்சிப்பாட்டில் கபிலர் எத்தனை பூக்களைச் சொல்கிறார்?' என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எவரும் '99' என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். அதில் பத்துப் பூக்களை நேரில் காட்டிப் பெயர் கேளுங்கள். பலருக்குத் திணறும்.

இது நமக்கு மட்டும் உள்ள குறை இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் வாண்டர்சீ, எலிசபெத் ஷஸ்லர் என்ற இரண்டு தாவரவியல் கல்வியாளர்கள் 1999-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். கண் முன்னால் செடி நின்றாலும் அது மனதில் பதியாமல் போகிற நிலை அது. ஒரு படத்தில் மானும் மரமும் இருந்தால், நாம் 'மான் படம்' என்றுதான் சொல்வோம். மரம் வெறும் பின்னணி ஆகிவிடும்.

'தெரியாவிட்டால் என்ன குறைந்துவிட்டது?' என்று கேட்கலாம். வடசென்னைக்காரர்களிடம் அதற்குப் பதில் இருக்கிறது.

கறுப்புக் குச்சியா, மூக்கா?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. மீனவர்களின் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. கரையோரம் நிற்கும் அலையாத்தி மரங்களையும் அது விடவில்லை.

அலையாத்தியில் வெண்கண்டல் என்று ஒரு வகை உண்டு. அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தது போலக் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால், மேலே தலையை நீட்டி மூச்சு விடுகிற வேர்கள். மரத்துக்கு அதுதான் மூக்கு.

இது தெரியாதவருக்கு அன்று டிவியில் தெரிந்தவை எண்ணெய் பூசிய சில கறுப்புக் குச்சிகள். தெரிந்தவருக்கோ, மூக்கை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு காடு. இரண்டு பேரும் ஒரே செய்தியைத்தான் பார்த்தார்கள். ஆனால் இரண்டாமவர்தான், 'அந்த மரங்கள் இப்போது எப்படி இருக்கின்றன?' என்று அடுத்த மாதமும் கேட்பார்.

ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்குச் செடியைப் பற்றித் தெரிந்திருப்பது பொழுதுபோக்கு இல்லை. எதை இழக்கிறோம் என்று தெரிந்தால்தானே, அதைக் கொடு என்று கேட்க முடியும்? அதைச் சொல்லித் தர நல்ல இடம் பூங்கா. சொல்லித் தர ஏற்ற ஆள், அங்கே வேலை பார்ப்பவர்.

பெயர் சொன்னால் போதுமா?

போதாது. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹவுராவில் இருக்கும் தாவரவியல் பூங்கா 1787-ல் தொடங்கியது. அங்கே ஒரு பெரிய ஆலமரம் உண்டு. 'இது ஆலமரம், வயது 250-க்கு மேல்' என்று சொன்னால், 'அப்படியா' என்று நகர்ந்துவிடுவோம். 'இந்த மரத்தின் அடிமரம் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்' என்று கேட்டால்? சுற்றிச் சுற்றித் தேடுவோம். கிடைக்காது. நோய் தாக்கியதால் அடிமரத்தை 1925-லேயே எடுத்துவிட்டார்கள். விழுதுகள்தான் அத்தனை பெரிய மரத்தையும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இதைக் கேட்ட குழந்தை, ஊருக்குத் திரும்பியதும் முதலில் பார்க்கிற ஆலமரத்தின் விழுதை எண்ணிப் பார்க்கும்.

ஊட்டி தாவரவியல் பூங்காவும் அப்படித்தான். 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் என்பவர் அதை உருவாக்கினார். மலர்க் கண்காட்சிக்குப் போகிற கூட்டத்தில் எத்தனை பேர், அங்கே கிடத்தி வைத்திருக்கும் கல்மரத்தின் முன்னால் நிற்கிறார்கள்? சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையான மரம் அது. பார்த்தால் மரக்கட்டை, தட்டினால் கல். 'மரம் எப்படிக் கல்லாச்சு?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், கூட்டம் அங்கேயே நின்றுவிடும்.

அமெரிக்க தேசியப் பூங்காக்களைச் சுற்றி ஆராய்ந்த ஃப்ரீமன் டில்டன், 1957-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்தினார். தகவலை அடுக்குவது வேறு, பார்க்க வந்தவருக்கு ஆர்வத்தைக் கிளப்புவது வேறு. காட்டுகிற பொருளை, கேட்பவரின் சொந்த வாழ்க்கையோடு தொடர்புபடுத்தாவிட்டால் அது மனதில் ஒட்டாது.

பயிற்சியில் என்ன சொல்லித் தரலாம்?

நன்றாகச் செடி வளர்ப்பவர் எல்லாரும் நன்றாகப் பேசிவிட முடியாது. அது தனிக் கலை. ஆனால் கற்றுக்கொள்ளக் கூடிய கலைதான்.

*முதலில் கேள்வி, பிறகு பெயர்.* எம்.கே.பி. நகரிலிருந்து வந்த ஒரு குட்டிப் பையன் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று, "அக்கா, இது இன்னா மரம்?" என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"பேரை அப்புறம் சொல்றேன். உங்க தெருவுலயும் இந்த மரம் இருக்கும். இன்னிக்கு இருட்டுனப்புறம் அண்ணாந்து பாரு. எலையெல்லாம் எப்படி இருக்குன்னு அடுத்த வாட்டி வந்து என்கிட்ட சொல்லணும்."

அவன் பார்ப்பான். இலைகள் மடங்கிக்கிடக்கும். பெயர் ஏன் அப்படி என்று அவனே கண்டுபிடித்துவிடுவான். அந்த மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கப் பக்கம் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் மறக்கவே மாட்டான்.

*கைக்கு வேலை.* 'தொடாதே' என்பதற்குப் பதிலாக 'கீழே விழுந்ததை எடுத்துக்கோ' என்று சொல்லலாம். பூவரசு இலையைச் சுருட்டினால் பீப்பீ. காலையில் மஞ்சளாக மலரும் அதன் பூ, வாட வாடச் சிவந்துபோகும். ஒரே மரத்தடியில் புதுப் பூவையும் பழைய பூவையும் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும். பார்வையற்றவர்கள் வந்தால் இந்த வழி இன்னும் உதவும். இலையின் சொரசொரப்பு, காயின் கனம், பூவின் மணம் என்று அவர்களும் பூங்காவைச் சுற்றிப் பார்க்கலாம்.

*மருந்து சொல்லாமல் இருப்பது.* பூங்காவில் அடிக்கடி வரும் கேள்வி, "இது சுகருக்கு நல்லதாமே?" என்பதாகத்தான் இருக்கும். தெரிந்த அளவுக்கு ஏதாவது சொல்லிவைக்கலாம் என்று நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. 'டாக்டர்கிட்ட கேளுங்க' என்று சொல்லப் பழக வேண்டும். அதே சமயம், அரளியின் எல்லா பாகமும் விஷம், குன்றிமணியின் அழகான சிவப்பு விதை உயிருக்கே ஆபத்து என்பதை அவசியம் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தையோடு வரும் அம்மாவுக்குப் பத்து லத்தீன் பெயர்களைவிட இது முக்கியம்.

*'தெரியாது' என்று சொல்வது.* 'தெரியலம்மா, கேட்டுட்டுச் சொல்றேன்' என்பது நல்ல பதில். கேட்டுச் சொல்ல ஒரு நோட்டும், கேட்பதற்கு ஒரு தாவரவியல் அதிகாரியும் இருந்தால் போதும். அந்த நோட்டே ஒரு வருடத்தில் பூங்காவின் சொந்தப் பாடப் புத்தகமாகிவிடும்.

*மூன்று நிமிடம், ஒரு செடி.* பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நாற்பது செடிகளைக் காட்டினால் ஒன்றும் நிற்காது. ஆளுக்கு ஐந்து செடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, ஒரு கதை. அதைச் சக ஊழியர்கள் முன்னால் சொல்லிப் பார்த்து, திருத்தி, மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய அரங்கம் வேண்டாம், மர நிழலே போதும்.

மற்ற ஊர்களில்...

உலகத் தாவரவியல் பூங்காக்களை இணைக்கும் அமைப்பு ஒன்று 1987-ல் உருவாகி, லண்டன் கியூ தோட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. பூங்காவில் பாடம் சொல்பவர்களுக்கென்றே அது பயிற்சி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. 2002-ல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட தாவரப் பாதுகாப்புத் திட்டத்தில் இருந்த 16 இலக்குகளில் ஒன்று, செடிகளின் அருமையை மக்களுக்கு எடுத்துச் சொல்வது. இன்னொன்று, இந்தத் துறையில் பயிற்சி பெற்ற ஆட்களைப் பெருக்குவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் விஷயம்தான்.

1859-ல் தொடங்கி, 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பார்வையாளர்களை இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

நம் சென்னையிலும் முன்மாதிரிகள் இருக்கின்றன. 2005-ல் தொடங்கிய 'நிழல்' அமைப்பு நகரத்தின் பல இடங்களில் 'மர நடை' நடத்தி வந்திருக்கிறது. ஒவ்வொரு மரமாக நின்று, தொட்டு, கதை பேசி நகர்கிற நடை அது. அடையாற்றில் 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்காவில் பள்ளி மாணவர்களுக்காகவே சுற்றுச்சூழல் கல்வித் திட்டம் நடந்து வந்திருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் தென்சென்னைப் பக்கமே. இது வடக்கே எப்போது வரும்?

மாதவரத்தில் தொடங்கலாமே

எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே, மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. கதீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்காவுக்குப் போக ஊரைக் கடக்க வேண்டும். இதற்கு அவ்வளவு தூரம் இல்லை. பூங்காவில் வேலை செய்பவர்களில் விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, கல்லூரியில் தாவரவியல் படிக்கும் மாணவர்களோடு ஜோடி சேர்க்கலாம். மாணவருக்கு லத்தீன் பெயர் தெரியும். தோட்டக்காரருக்கு அந்தச் செடி போன கோடையில் எப்படிப் பிழைத்தது என்று தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் வாத்தியார்.

பாடமும் உள்ளூரிலிருந்தே எடுக்கலாம். கால்வாயை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை எந்தக் கண்டத்திலிருந்து வந்தது? காலி மனையெல்லாம் சீமைக் கருவேலம் ஏன் முளைக்கிறது? எண்ணூர் வெண்கண்டல் இலையின் அடியில் உப்பு பூத்திருப்பது எப்படி? வடசென்னைப் பிள்ளைகள் தினமும் பார்ப்பவை இவைதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. களை எடுத்து, உரம் போட்டு, குப்பை பொறுக்கி முடித்த பிறகு 'இதையும் சேர்த்துச் செய்' என்று தலையில் கட்டினால் அது பயிற்சி ஆகாது, கூடுதல் சுமை. பேசுகிற நேரமும் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். அதற்குத் தனியாக ஒரு தொகையும், சட்டையில் குத்திக்கொள்ள 'என்னிடம் கேளுங்கள்' என்று ஒரு பேட்ஜும் கொடுக்கலாம். பல வருடமாகக் குனிந்தே வேலை பார்த்தவருக்கு, நாலு பிள்ளைகள் சுற்றி நின்று 'அக்கா, அடுத்து எந்த மரம்?' என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். நம் பங்குக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. பிள்ளைகளின் பள்ளியில் பூங்காவுக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள் என்றால், 'செடிகளைப் பற்றிச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா?' என்று முன்கூட்டியே பூங்கா அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பத்துப் பள்ளிகள் கேட்டால், அதற்கு ஓர் ஆளைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வேலை இன்னும் சுலபம். இந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனால், குழாயோடு நிற்கிற அண்ணனிடமோ அக்காவிடமோ, "இங்க உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மரம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதைக் கமென்ட்டில் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறோம்.