முடிவை மட்டுமன்று, காரணத்தையும் கேளுங்கள்

“அடுத்த குழந்தைக்கும் இந்நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.” மரபணு ஆலோசனையின்போது நாங்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. தலையசைத்துச் செல்லும் பெற்றோரில் சிலர், “நான்கில் ஒன்றுதானே? முதல் குழந்தைக்கு வந்துவிட்டது; இனி மூவருக்கு அச்சமில்லை” என்று எண்ணிவிடுகின்றனர். தவறு அவர்களுடையதன்று, முடிவைச் சொல்லிக் காரணத்தைச் சொல்லாது விட்ட எங்களுடையது.

பீட்டா தாலசீமியாவை எடுத்துக்கொள்வோம். இதற்குரிய மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருவது. ஒரு பிரதியில் மட்டும் பழுதுள்ளவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கணவன், மனைவி இருவருமே அவ்வாறிருந்தால், இரு பழுதுகளும் ஒரே குழந்தையிடம் சேர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு முறை கருவுறும்போதும் இக்கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் குழந்தைக்கு நேர்ந்தது அடுத்த குழந்தைக்குக் காப்பும் ஆகாது, கேடும் ஆகாது.

இது விளங்கினால் இன்னொன்றும் விளங்கும். நோய் தாய்வழியில் மட்டும் வந்ததன்று. மருமகளைக் குறை கூறும் வீட்டில், இந்த ஒரு விளக்கமே பெரும் மருந்தாகும்.

பரிசோதனைக்கும் இது பொருந்தும். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேலிருந்தால், ஒரு பிரதியில் பழுதிருக்கலாம் எனக் கருதுகிறோம். இரும்புச்சத்துக் குறைபாடு அவ்வளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும். அதனாலேயே சிலருக்கு மறுபரிசோதனை தேவைப்படுகிறது. காரணம் சொல்லாவிடில், அது வீண்செலவாகவே தோன்றும்.

“இத்தனை விவரம் நோயாளிகளைக் குழப்பும், முடிவைச் சொன்னால் போதும்” என்போர் எங்களுள்ளும் உளர். நாங்கள் அதை ஏற்கவில்லை. கருவிலேயே பரிசோதிப்பதா, அதன் முடிவு எதுவாயினும் அடுத்து என்ன செய்வது என்பனவற்றைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பெற்றோர். குழந்தைக்கு நோய் இருப்பின், தொடர்ந்து இரத்தம் ஏற்றவும், உடலில் சேரும் இரும்பை நீக்கும் மருந்து கொடுக்கவும் பல்லாண்டுகள் அலையப்போவதும் அவர்களே. சுமப்பவர்க்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை வரும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இதை எவ்வாறு அறிந்தீர்கள்? எவ்வளவு உறுதி? எங்கள் முன்னுள்ள வழிகள் யாவை? கேட்டதை உங்கள் சொற்களில் எங்களிடம் திருப்பிச் சொல்லுங்கள். பிழையிருந்தால், மீண்டும் விளக்குவது எங்கள் கடமை.