போனவர் யார்? இருப்பவர் யார்?

பிப்ரவரி 11 என்னும் நாள் முஸ்லிம் நாடுகளின் வரலாற்றில் இருமுறை பொறிக்கப்பட்டுள்ளது. 1979ஆம் ஆண்டு அந்நாளில் ஈரானின் தளபதிகள் கூடி, தாம் நடுநிலை வகிப்பதாக அறிவித்துப் படைகளைப் பாசறைக்குத் திருப்பினர். 2011ஆம் ஆண்டு அதே நாளில் எகிப்தின் ஜனாதிபதி ஹுஸ்னி முபாரக் பதவி துறந்தார். அதிகாரத்தை இராணுவத் தலைமைக் குழு எடுத்துக்கொண்டது. இரு நாடுகளிலும் மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். ஆயினும் தெஹ்ரானில் அன்று ஓர் ஆட்சி முடிந்தது. கெய்ரோவில் ஓர் ஆள் மட்டுமே போனார்.

ஒரு புரட்சி ஏன் வெல்கிறது, மற்றொன்று ஏன் தோற்கிறது என்று கேட்டால், நம்மவரிடம் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தாலும் அவையே. திருமண வீட்டுப் பந்தலிலும் அவையே. வென்றவர் வீரர், தோற்றவர் கோழைகள் என்பது ஒன்று. எல்லாம் அந்நியர் சதி என்பது மற்றொன்று. இரண்டும் சிந்திக்கும் வேலையை மிச்சப்படுத்தும் விடைகள். ஆதலாற்றான் அவை இத்துணைப் பிரியமாய் இருக்கின்றன!

சதியையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1953 ஆகஸ்ட் 19இல் ஈரானியப் பிரதமர் முஸத்திக்கை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகள் கவிழ்த்தன. இதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சதியைத் தாங்கி நடத்தத் தளபதி ஸாஹிதி இருந்தார். டாங்கி ஓட்டச் சிப்பாய்கள் இருந்தனர். 1978இலும் அதே ஷா மன்னர்தாம். அதே அமெரிக்க நட்புதான். ஆயுதக் குவியலோ முன்னிலும் பன்மடங்கு. இருந்தும் அவர் வீழ்ந்தாரே, எப்படி? சதிகாரனின் கை நீளமானதுதான். ஆனால் கட்டளையை நிறைவேற்ற உள்நாட்டில் ஆளில்லாதபோது அந்தக் கை காற்றைத்தான் பிடிக்கும்.

1978 செப்டம்பர் 8இல் தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் இராணுவம் மக்களைச் சுட்டது. அந்த இரத்தத்தோடு கிளர்ச்சி அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. சில வாரங்களில் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். ஆண்டின் இறுதிக்குள் ஏற்றுமதியே நின்றது. சிப்பாய்கள் முகாம்களை விட்டு ஓடத் தொடங்கினர். 1979 ஜனவரி 16இல் ஷா நாட்டை விட்டு வெளியேறினார். பிப்ரவரி 9இல் விமானப் படையின் தொழில்நுட்பப் பணியாளர்களே மன்னரின் மெய்க்காவல் படையை எதிர்த்துப் போரிட்டனர். தளபதிகளுக்குத் திடீரென ஞானம் பிறந்து நடுநிலை பூணவில்லை. ஏவினால் கேட்பாரில்லை என்ற நிலை வந்ததாற் பூண்டனர்.

இனி வீரத்தைப் பார்ப்போம். எகிப்தியரிடம் வீரத்துக்கா பஞ்சம்? தஹ்ரீர் சதுக்கத்தில் பதினெட்டு நாட்கள் நின்றனர். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்தனர். ஆனால் 1952 முதல் அந்நாட்டை ஆண்டது இராணுவம். நஜீப், நாஸிர், சாதாத், முபாரக் அனைவரும் படை அதிகாரிகளே. நிலமும் தொழிற்சாலையும் கொண்ட பெருமுதலாளியும் அப்படையே. வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவத் தொடங்கிய வேளையில், புயலில் கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறியும் மாலுமியைப் போல இராணுவம் முபாரக்கை எறிந்தது. கப்பல் அவர்களிடமே இருந்தது. மக்களோ, இராணுவமும் மக்களும் ஒரே கை என்று முழங்கினர்!

அதன்பின் நடந்தது அதனினும் துயரம். 2011இல் தோழர்கள் தெருவில் இராணுவத்தோடு மோதி மடிந்தபோது, தேர்தலை எண்ணி இக்வான்கள் ஒதுங்கி நின்றனர். 2012இல் முஹம்மது முர்ஸி ஜனாதிபதியானார். அவ்வாண்டு நவம்பரில் தம் ஆணைகளை நீதிமன்றத்துக்கு மேலே வைத்தார். 2013இல் அவருடைய எதிரிகள் இராணுவத்தை வாவென்று அழைத்தனர். அது வந்தது, ஜூலை 3இல் முர்ஸியைச் சிறைப்படுத்தியது. ஆகஸ்ட் 14இல் ராபியா சதுக்கத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அழைத்தவர்களுக்கும் பிறகு அதே சிறைதான் கிடைத்தது. என் எதிரியை அடிக்கிறது என்பதற்காகத் துப்பாக்கியை வாழ்த்துகிறவன், தன் முறைக்காகக் காத்திருக்கிறான் என்பதே பொருள்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. அதே 2013இல் துனீஷியாவிலும் இரு அரசியல்வாதிகள் படுகொலை செய்யப்பட்டனர். நாடு இரண்டாகப் பிளக்க இருந்தது. ஆனால் அங்கே இராணுவம் சிறியது. 1946 முதல் வேரூன்றிய தொழிற்சங்கமோ பெரியது. அச்சங்கம் வேறு மூன்று அமைப்புகளோடு சேர்ந்து எல்லாக் கட்சிகளையும் ஒரே மேசைக்கு இழுத்து வந்தது. ஆளுங்கட்சியான அந்நஹ்ழா தானே ஆட்சியை விட்டிறங்கியது. 2014இல் அரசியல் சட்டம் பிறந்தது. அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. எனினும் வேலையும் ரொட்டியும் வரவில்லை. 2021 ஜூலை 25இல் ஜனாதிபதி கைஸ் சயீத் பாராளுமன்றத்தை முடக்கியபோது, சலித்த மக்களில் பலர் தெருவில் இறங்கிக் கொண்டாடினர். கட்டியதைக் காக்க ஆளில்லாத வீடும் இடிபாடே.

ஈரானில் வென்றது நீதியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புரட்சி வெல்வது வேறு. அதன் வாக்குறுதி வெல்வது வேறு. பழைய படை கலைந்த இடத்தில் புதிய ஆட்சி 1979லேயே தன் காவற்படையை அமைத்துக்கொண்டது. மன்னரை எதிர்த்து உடன் நின்ற பலரைத் தண்டித்தது. 2022இல் மஹ்ஸா அமீனி என்ற இளம்பெண் காவலில் இறந்து நாடே கொதித்தெழுந்தபோது அந்தப் படை பிளவுபடவில்லை, எழுச்சி ஒடுக்கப்பட்டது. மன்னரை வீழ்த்திய அதே விதி இவர்களைக் காத்தது. விதிக்குப் பட்சபாதம் இல்லை.

ஆகவே அன்பர்களே, நாளை எங்கோ ஒரு கொடுங்கோலன் விமானமேறி ஓடினான் என்ற செய்தி வரும்போது, உடனே இனிப்பு வழங்க ஓடாதீர்கள். போனவர் யார் என்பதோடு நில்லாமல், இருப்பவர் யார் என்றும் கேளுங்கள். நேற்று அவனுடைய ஏவலைச் செய்தவர்கள் இன்று யாருடைய ஏவலைச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிர்அவ்னின் வரலாற்றைச் சிறுவயது முதல் ஓதி வருகிறோம். கடலில் அவன் மட்டுமா மூழ்கினான்? அவனுடைய சேனையும் மூழ்கியது. அவன் மட்டும் மூழ்கிச் சேனை கரையேறியிருந்தால், மறுநாளே இன்னொரு பிர்அவ்ன் அரியணையில் அமர்ந்திருப்பான்.