துப்பாக்கியை வீசி எறிந்தாரா?



இரண்டாண்டுகளுக்கு முன், உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு பொதுக்கூட்டம். பெருங்காமநல்லூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரால், குற்றம் ஏதும் செய்யாதவனும் கைரேகை வைக்கவேண்டும் என்று வெள்ளையர் ஆட்சி கட்டளையிட்டதையும், வைக்கமாட்டோம் என்று நிமிர்ந்து நின்ற பிரமலைக் கள்ளர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசு துப்பாக்கி நீட்டியதையும் விவரித்தேன். மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் மாண்டதாக அந்த மண் கணக்கு வைத்திருப்பதைச் சொன்னேன். சொல்லி நிறுத்தியிருக்கலாம். உணர்ச்சி உந்தித் தள்ள, ஒரு வாக்கியம் சேர்த்தேன். "அந்தப் போலீசுப் படையில் என் கொள்ளுத் தாத்தாவும் இருந்தார். சுடு என்று உத்தரவு வந்ததும் துப்பாக்கியை வீசி எறிந்துவிட்டு வெளியேறினார்!"

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் மேடையோரம் வந்தார். "துப்பாக்கியைக் கீழே போட்டவரு ஒருத்தரு இருந்தாருன்னு எங்க ஊர்ல யாரும் சொல்லிக் கேட்டதில்லையே தம்பி. அவரு பேரென்ன?" என்றார். குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. பெயரைச் சொன்னேன். இருமுறை வாய்க்குள் உச்சரித்து, மனத்தில் பதித்துக்கொண்டு நடந்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனென்கிறீர்களா? துப்பாக்கியை எறிந்தவர் என் கொள்ளுத் தாத்தா அல்லர், நான்! ஒலிபெருக்கிக்கு முன் நின்று, கைதட்டலுக்காக, அவர் கையிலிருந்து பிடுங்கி நான் எறிந்தேன். அவரைப்பற்றி எங்கள் வீட்டில் உண்மையாக வழங்கிய செய்திகள் இரண்டே இரண்டு. பட்டாளத்தில் இருந்தபோது கடல் கடந்து போய்த் தேனீக்களிடம் தோற்றுத் திரும்பினார் என்பது ஒன்று. திரும்பியபின் கொஞ்ச காலம் போலீசில் இருந்தார் என்பது மற்றொன்று. "நம்ம மாமா அந்த ஊருக்குப் போகவே இல்லைடா" என்று அப்பத்தா தன் மாமனாரைப்பற்றி அடிக்கடி சொல்வாள். எந்த ஊருக்கு என்று நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

தேனீக் கதையைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவர்கள் நாங்கள். துப்பாக்கி ஏந்திய பட்டாளத்தைத் தேனீ துரத்தியதாம்! போரில் ஓடிவந்தவர் சொன்ன சாக்கு என்று என் சிற்றப்பா கேலி செய்வார்.

உண்மையைத் தேடுவது என்று முடிவு செய்தபின், முதலில் திறந்தது அப்பத்தாவின் தகரப் பெட்டி. ஐந்தாம் சார்ச்சு மன்னனின் தலை பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்று அதில் கிடந்தது. கூடவே மடிப்பில் கிழிந்த இரண்டு சான்றுத் தாள்கள். தோழர்களே, உங்கள் வீட்டிலும் இப்படிப் பதக்கம் இருந்தால் மன்னன் முகத்தைப் பார்த்துக்கொண்டிராதீர்கள், விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் சிப்பாயின் எண்ணும் பெயரும் பட்டாளமும் வெட்டப்பட்டிருக்கும். பழைய வெள்ளிக் கடையில் உருகிப்போன பதக்கம் ஒவ்வொன்றோடும் ஒரு பெயர் உருகிப் போயிற்று. எங்கள் பதக்கத்தின் விளிம்பில், உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே, 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்று தெரிந்தது.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். ஆங்கில நூல்களை அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் படித்தேன். அந்தப் படை சென்ற இடம் செர்மானியர் ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்கா. இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகம். 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறிய ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படையில் அதுவும் ஒன்று. இரண்டு வாரத்துக்கும் மேலாகக் கடலில் கிடந்து வாடியவர்களைக் கரையிறக்கிக் காட்டுக்குள் ஏவினார்கள். எதிரே லெட்டோ-ஃபோர்பெக் என்ற செர்மானியத் தளபதி. அவனிடம் ஆயிரம் பேர் அளவில்தான் படை. நவம்பர் 4-ஆம் நாள் மூண்ட சண்டையில் மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்தன. கூட்டங் கூட்டமாகக் கிளம்பிய தேனீக்கள் சிப்பாய்களைக் கொட்டித் தீர்த்தன. பல நூறு துப்பாக்கிகளையும் இலட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டு வெள்ளையரின் படை கப்பலுக்குத் திரும்பியது. அந்தச் சண்டைக்கே தேனீக்களின் போர் என்ற பெயர் நிலைத்துவிட்டது!

சிற்றப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

படைத்தலைவன் ஐட்கன் தோல்விக்கு இந்தியப் பட்டாளங்கள்மீது பழி சுமத்தினான். பாளையங்கோட்டைப் படை கலைந்து ஓடியது மெய்தான். அதை மறைக்க நான் வரவில்லை. தென்னாட்டான் போருக்கு உதவான் என்று பாடம் படித்த ராபர்ட்சு பிரபு, 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர். உதவான் என்று ஒதுக்குவது ஒரு காலம். ஆள் தேவைப்பட்டதும் கப்பலேற்றுவது ஒரு காலம். தோற்றதும் 'அப்போதே சொன்னோமே' என்பது ஒரு காலம். இத்தனைக்கும் சிப்பாய்க்கு அன்று கிடைத்த சம்பளம் மாதம் 11 ரூபாய்.

சரி, பட்டாளத்தைக் கண்டுகொண்டேன். ஆளைக் காணவேண்டுமே? இந்திய விவகார அலுவலகத்தின் பழைய ஏடுகள் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வெள்ளை அதிகாரி என்றால் பிறப்பு முதல் ஓய்வூதியம் வரை அங்கே தேடிப் பிடிக்கலாம். நம் சிப்பாயின் பணிக் குறிப்போ பட்டாளத்தோடு இருந்தது. பெரும்பாலும் பட்டாளத்தோடே மறைந்தது. எல்லாருக்கும் இப்படியே ஆகிவிடவில்லை. பஞ்சாபிலிருந்து முதல் உலகப் போருக்குச் சென்ற 3,20,000 பேரின் விவரங்கள் லாகூர் அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 2021-இல் பொதுமக்கள் பார்வைக்கு வரத் தொடங்கின. ஊர் வாரியாக எழுதிய ஏடுகள்! அவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1929-இல் திறந்த பசுரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கோ பட்டாளத்தின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை மட்டும்! காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ நினைவுகூரப்படாமலேயோ போனார்கள் என்று அது கூறுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்களே அவர்களில் மிகுதி.

இனிப் போலீசு. என் நெஞ்சை அறுத்த கேள்வி அங்கேதான் இருந்தது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பல நாள் உட்கார்ந்தேன். போலீசு நிர்வாக அறிக்கைகளையும் நீதித்துறை அரசாணைகளையும் பொடிந்து உதிரும் தாள் தாளாகப் புரட்டினேன். ஆண்டுதோறும் எத்தனை காவலர் சேர்ந்தனர், எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர், எத்தனை பேர் விலகினர் என்று அட்டவணை உண்டு. துப்பாக்கிச்சூடு நடந்தால் எத்தனை தோட்டா செலவாயிற்று என்று கணக்கு எழுதுவதும் போலீசின் வழக்கம். நான் புரட்டிய ஏடுகளில் ஆணையிட்டவனுக்குப் பெயர் இருந்தது; தோட்டாவுக்கு எண்ணிக்கை இருந்தது. இரண்டுக்கும் நடுவே விசையில் விரல் வைத்தவன் யார் என்பது இல்லை. மாவட்ட அலுவலகம் ஒன்றில் விசாரித்தேன். பழைய பணிப் பதிவேடுகள் காலங்கடந்தவை என்று எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டனவாம்.

எஞ்சியது பெட்டியிலிருந்த இரண்டாம் தாள். மதுரை மாவட்ட ஆயுதப் படையில் 1919 சூன் மாதம் சேர்ந்தார். 1920 செப்டம்பரில் சொந்த விருப்பத்தின்பேரில் விலகினார். கீழே படிக்க முடியாத கையொப்பம்.

தோழர்களே, நாடகம் எழுதுகிறவன் நான்; என் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஏப்ரலில் துப்பாக்கிச்சூடு, ஐந்து மாதத்தில் விலகல். ஓய்வூதியமும் இல்லாமல், பஞ்சம் பிழைக்க வழியும் இல்லாமல் ஒருவன் வேலையை உதறுகிறான் என்றால், காட்சி தானாக எழுதிக்கொள்கிறதே! இரவு, இலாந்தர் வெளிச்சம், கையில் இரத்தம் போகவில்லை போகவில்லை என்று கழுவும் காவலன்... இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு கிழித்தேன். சம்பளம் போதாமல் விலகியிருக்கலாம். நோயில் விலகியிருக்கலாம். மேலதிகாரியோடு பிணக்காக இருக்கலாம். அன்று அந்த ஊரில் நின்று, சுட்டு, பின்பு மனம் பொறுக்காமலும் விலகியிருக்கலாம். தேனீ விஷயத்தில் மெய் சொன்ன வீடு, "அந்த ஊருக்குப் போகவே இல்லை" என்பதிலும் மெய்யே சொல்லியிருக்கலாம். ஆனால், கேளாத கேள்விக்கு அப்பத்தா ஏன் அத்தனை முறை விடை சொன்னாள்?

"நூறாண்டு கடந்ததைக் கிளறுவானேன்? போலீசில் இருந்தவனும் பக்கத்து ஊர்க்காரன்தானே, வீண் பகை மூளுமே" என்று கழகத் தோழர் ஒருவர் என்னைத் தடுத்தார். பகை மூளும் என்று அஞ்சிப் பேசாதிருந்த வீடுகளில்தான் என்னைப் போன்றவன் பொய்யை ஊதிப் பெருக்குகிறான். "வயிற்றுக்காக வெள்ளையனிடம் வேலை பார்த்தவன், அவனை ஏன் கேள்வி கேட்கிறாய்?" என்றார் மற்றொருவர். 11 ரூபாய்ச் சம்பளத்துக்கு அவர் ஏன் போனார் என்பது எனக்கும் விளங்குகிறது. அதற்காக அவரைக் கூண்டில் ஏற்றமாட்டேன். அன்று விரல் என்ன செய்தது என்பது வேறு கேள்வி. ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிகிற வரையில், அதை ஊர் ஊராகச் சுமந்து சென்ற கைகள் நம் கைகளே அல்லவா?

எனவே இரண்டு வேண்டுகோள்கள். மாவட்டந்தோறும் போலீசு அலுவலகங்களின் அலமாரிகளில் கரையானுக்குத் தப்பியிருக்கும் பழைய ஆயுதப் படை ஏடுகளை அழிப்பதை நிறுத்தி, ஊர் வாரியாகப் பட்டியலிட்டு, எவரும் பார்க்கத் திறந்துவிடும்படி நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்கவேண்டும். பட்டாளத்துத் தாத்தாவின் படத்துக்கு மாலை போடும் தோழர்கள், மாலைக்கு முன் பெட்டியைத் திறந்து தாளைப் படிக்கவேண்டும். என்னைப் போல் மேடையேறிய பின் படிப்பது கூச்சமான வேலை.

வரும் ஏப்ரல் 3 நினைவு நாளில் பேச அழைத்திருக்கிறார்கள். போகிறேன். அந்த முதியவரைத் தேடி, "நான் சொன்ன பெயர் உண்மை, எறிந்த துப்பாக்கி பொய், அன்று அவர் எங்கே நின்றார் என்று தெரியவில்லை" என்று முதலில் அவரிடம் சொல்வேன். பிறகு அதையே ஒலிபெருக்கியில் சொல்வேன். சான்றுத் தாளின் படியையும் எடுத்துவைத்திருக்கிறேன். அந்த ஊர்ப் பெரியவர்கள் யாருக்கேனும் அவர் பெயர் நினைவிருந்தால், என்னவாக நினைவிருந்தாலும், எழுதிக்கொண்டு வருவேன்.