கட்டட வரைபடத்தில் தூய்மைப் பணியாளருக்கு எத்தனை சதுர அடி?

பெரிய காஞ்சிபுரத்தில் விடிவதற்கு முன் தெருவில் இறங்கினால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில் பக்கம் வந்து இறங்கும் வெளியூர் பக்தர்கள் ஒரு கூட்டம். அவர்கள் வருவதற்குள் அந்த வீதிகளைக் கூட்டி முடித்துவிட வேண்டிய பெண்கள் இன்னொரு கூட்டம். வருகிறவர்களுக்கு மண்டபம் உண்டு, விடுதி உண்டு. கூட்டி முடித்த பெண்கள் கடை வாசற்படியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். கடைக்காரர் ஷட்டரைத் தூக்க வந்ததும் எழுந்துவிடுகிறார்கள்.

2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சியானது. இன்று 51 வார்டுகள். தாம்பரம், கரூர், கும்பகோணம், கடலூர், சிவகாசி ஆகியவையும் அதே ஆண்டில் உயர்ந்தவைதான். நகராட்சிக்கென்று கட்டிய இடம் மாநகராட்சிக்குப் போதாது. மேயருக்கும் ஆணையருக்கும் அறை, மாமன்றக் கூடம், பொறியியல், வருவாய், நகரமைப்புப் பிரிவுகள், கார் நிறுத்த இடம் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாநகராட்சியிலேயே அதிகம் உழைக்கும் கூட்டம் அதில் ஒரு வரியாகக்கூட வராமல் போவதுதான் என் ஆட்சேபம்.

என் அத்தை வேறொரு ஊரின் நகராட்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரு கூட்டியவர். அலுவலகத்துக்குள் அவர் போனது மனு கொடுக்கத்தான். சாப்பாட்டுத் தூக்கை வண்டி ஷெட் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைப்பார். சேலை மாற்றும்போது கூட வேலை செய்பவர் முந்தானையை விரித்து மறைத்துப் பிடிப்பார். கழிப்பறைக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். அந்த அலுவலகத்தில் இடப் பற்றாக்குறை என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

பொது அலுவலகத்துக்குள் நுழைவதே நம் மக்கள் போராடிப் பெற்ற உரிமை. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் தெரு, கிணறு, குளம் ஆகியவற்றோடு நிற்கவில்லை. அரசு அலுவலகங்களிலும், பொதுக் காரியம் நடக்கும் கட்டடங்களிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் நுழையத் தடையில்லை என்றது அது. மறு ஆண்டு நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில் பெரியார் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டார். தீர்மானத்துக்கு அனுமதி கிடைக்காததால் வெளியேறினார். ஒன்று வாசலைத் திறக்கச் சொன்னது, மற்றொன்று நாற்காலியில் பங்கு கேட்டது.

நூறாண்டில் இரண்டும் நடந்திருக்கிறதா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண்ணான ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. 2022இல் சென்னைக்குத் தலித் பெண் ஒருவர் மேயரானார், அது பெரிய வெற்றி. ஆனால் 2025 ஆகஸ்ட்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்த தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் 13 நாள் கிடந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நகரத்தைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு நகரத்தின் தலைமையகத்தில் கிடைத்த இடம் அந்த நடைபாதைதான்.

"அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள், கட்டடத்துக்குள் அவர்களுக்கு ஏன் இடம்?" என்று கேட்பார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே பதில் இருந்தது: குடிநீர், கழிப்பறை, கைகால் கழுவும் வசதியை ஒப்பந்ததாரர் செய்து தரவேண்டும், அவர் செய்யாவிட்டால் வேலை வாங்கும் முதன்மை நிறுவனம் செய்யவேண்டும் என்றது அது. இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர் என்பதால்தான் இந்த வசதிகள் 'கூடுதல் செலவாக'த் தெரிகின்றன. எழுத்தர்களுக்குக் கழிப்பறை கட்டுவதை யாரும் கூடுதல் செலவு என்று சொல்வதில்லை.

எனவே மாநகராட்சி தன் இடத் தேவையைக் கீழிருந்து கணக்கிட வேண்டும். தலைமைக் கட்டடத்துக்கு முன்பாக, வருகைப் பதிவு நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் உடை மாற்றும் அறை, குளியலறை, கழிப்பறை, பூட்டு போட்ட அலமாரி, உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரு சிறு கூடமும் வேண்டும். 2022 விதிகள்படி வார்டு குழுவும் பகுதி சபையும் கூட வேண்டும். கோயில் மண்டபத்திலோ ஒரு சாதிச் சங்கத்தின் திருமண மண்டபத்திலோ அந்தக் கூட்டத்தைப் போட்டால், சேரியிலிருந்து வருகிறவர் வாய் திறந்து பேசுவாரா? பொதுக் கூடம் சேரிக்குள்ளேயே அமையட்டும். ஊர்த்தெருக்காரர்கள் அங்கே வந்து பேசட்டும்.

பகுதி சபை கூட வேண்டிய நாட்களில் ஏப்ரல் 14 ஒன்று, அம்பேத்கர் பிறந்தநாள். செப்டம்பர் 15 இன்னொன்று, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாள். அன்று மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் ஊர் காஞ்சிபுரமாக இல்லாவிட்டாலும் சபைக்குப் போங்கள். புதுக் கட்டடம் வருகிறது என்றால் அதன் வரைபடத்தைக் கேளுங்கள், தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வரைபடம் கைக்கு வந்ததும், தூய்மைப் பணியாளருக்கு எத்தனை சதுர அடி என்பதை முதலில் பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே சண்டை போடுங்கள். கட்டி முடித்த பிறகு அதற்கு இடமில்லை என்பார்கள்.