'ஒழுங்கா சாப்பிடு' என்றால் தீராத நோய்: பதின்பருவத்தினருக்கு சி.பி.டி. எப்படி உதவுகிறது?

2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது மாணவி ஒருவர், தலச்சேரி மருத்துவமனையில் உயிரிழந்தார். எடை கூடிவிடும் என்ற பயத்தில் பல மாதங்களாகச் சாப்பாட்டைத் தவிர்த்து வந்தவர். அனோரெக்சியா எனும் உணவுக் கோளாறாக இருக்கலாம் என்றனர் மருத்துவர்கள்.

இதைப் பெருநகரத்துப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு மாதிரியான ஊரிலும் பிள்ளைகள் கையில் அதே ரீல்ஸ்தான். 'விரதம்', 'பரீட்சை டென்ஷன்', 'ஃப்ரெண்டு வீட்லயே சாப்ட்டேன்' என்று காரணங்களும் சுலபமாகக் கிடைத்துவிடும். மெலிந்தால் ரத்தசோகைக்கு மாத்திரை. மனசைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சி.பி.டி. எனும் அறிவுசார் நடத்தை சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது. உணவுக் கோளாறுகளுக்கான அதன் முக்கிய வடிவத்தை உருவாக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன். வழக்கமாக 20 அமர்வுகள். எடை மிகக் குறைந்தவர்களுக்கு 40 வரை போகும்.

என்ன சாப்பிட்டோம், அப்போது மனசில் என்ன ஓடியது என்பதை அந்தந்த நேரமே எழுத வேண்டும். மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுண்டி. நீண்ட நேரம் பட்டினி கூடாது. பட்டினிதான் பலருக்கு அடுத்து வரும் கட்டுப்பாடற்ற தீனிக்குக் காரணம். எடை பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை, சிகிச்சையாளர் முன்னால் மட்டும். 'ரெண்டு இட்லி கூடுதலா சாப்ட்டா குண்டாயிடுவேன்' என்ற நம்பிக்கை நிஜமா என்று அந்தத் தராசே காட்டிவிடும். படிப்பு, நட்பு, விளையாட்டு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, எடையை வைத்தே தன்னை மதிப்பிடும் பழக்கத்தை மெல்லத் தளர்த்துவதுதான் இதில் கடினமான வேலை.

ஆனால், பதின்பருவத்தினரின் அனோரெக்சியாவுக்கு முதல் தேர்வு இது அல்ல. குடும்பத்தையும் சேர்த்து நடத்தும் சிகிச்சையையே முதலில் பரிந்துரைக்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2017 வழிகாட்டுதல். அது பொருந்தாதபோதும் பலன் தராதபோதும்தான் சி.பி.டி. சாப்பாட்டுத் தட்டை அம்மாவே வைக்கிற நம் வீடுகளுக்கு இந்த வரிசை பொருத்தமானதுதான்.

நெடுங்காட்டுக் குடும்பத்துக்குச் சிக்கல் வேறு: வாராவாரம் பேச, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். தமிழிலும் பேசக்கூடிய மத்திய அரசின் இலவச டெலி மானஸ் எண் 14416, முதல் பேச்சுக்கு உதவும். மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது, வேகமாக எடை குறைவது என்றால் போனில் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, நேராக மருத்துவமனைதான். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய ஊட்டுவதும் இதயத்துக்கு ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.