பாதி வரியில் நின்ற ஃபத்வா

மார்க்க இதழ் ஒன்றில் வந்த கட்டுரையை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். அது எங்கள் வீட்டுக்கும் வந்தது. குர்ஆன் செயலி உள்ள கைப்பேசியை ஒளு இல்லாமல் தொடுவது ஹராம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போவது குர்ஆனை இழிவுபடுத்துவது. சினிமா ஓடும் கருவியில் ஓதினால் நன்மை இல்லை. ஆகவே இன்றே அந்தச் செயலியை அழித்துவிடுங்கள். இவ்வளவுதான் கட்டுரை. எழுதியவர் ஓர் ஆலிம்.

மறுநாள் உம்மா போனை என்னிடம் நீட்டினார். "இதுல இருக்குற குர்ஆனை அழிச்சிடு. தெரியாம இத்தனை நாள் பாவம் செஞ்சிருக்கேன்." உம்மாவுக்கு 73 வயது. கண்புரை எடுத்த பிறகும் முஸ்ஹஃபின் எழுத்து அவருக்குக் கலங்கலாகத்தான் தெரிகிறது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, சுபுஹு தொழுதுவிட்டு அரை ஜுஸ்உ ஓதிவந்தவர். அன்றிலிருந்து 11 நாள் அவர் ஓதவில்லை. இதை எழுதுவதற்குக் காரணம் அந்த 11 நாள்தான்.

முஸ்ஹஃபைத் தொட ஒளு வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நான்கு மத்ஹபுகளும் அப்படித்தான் சொல்கின்றன. அம்ரு இப்னு ஹஸ்முக்கு நபி (ஸல்) எழுதிக் கொடுத்த கடிதத்தில் அந்தக் கட்டளை இருந்ததாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் வருகிறது. ஸ்பெயின் தேசத்து இப்னு ஹஸ்ம் அதை ஏற்கவில்லை. நான் அவர் பக்கம் போகவில்லை. வாகிஆ சூராவின் 79ஆம் வசனம் வானவர்களைப் பற்றியது என்று முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கியிருப்பதையும் இங்கே வாதமாக வைக்கவில்லை. கைப்பேசி முஸ்ஹஃபா? கேள்வி இது ஒன்றுதான். கட்டுரையாளர் இந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. ஆம் என்று தானே முடிவுசெய்துகொண்டு, அதன் மேல் ஹராம்களை அடுக்கியிருக்கிறார்.

அவர் காட்டும் ஒரே ஆதாரம் இமாம் நவவியின் மின்ஹாஜ். ஷாஃபி மத்ஹபினருக்கு அந்தப் பெயரே போதும்; உம்மா பயந்ததும் அதனால்தான். முஸ்ஹஃபு உள்ள உறையையும் பெட்டியையும் ஒளு இல்லாமல் தொடக் கூடாது, பிள்ளைகள் ஓதிப் படிக்க எழுதிக் கொடுக்கும் பலகையையும் தொடக் கூடாது என்று மின்ஹாஜில் இருக்கிறது. கைப்பேசியும் பெட்டிதான், பலகைதான் என்கிறார். அந்த நூலில் அப்படி இருப்பது உண்மை. ஆனால் அதே இடத்தில், அதே மூச்சில் இமாம் தொடர்ந்து சொல்வதை அவர் வெட்டிவிட்டார்.

பலகைக்கு அடுத்தபடியாக இமாம் நவவி என்ன சொல்கிறார்? பயணச் சாமான்களோடு சாமானாக முஸ்ஹஃபைச் சுமந்து செல்லலாம். தஃப்ஸீர் நூலோடு சுமக்கலாம். குர்ஆன் எழுத்துப் பொறித்த தீனார் காசுகளைச் சுமக்கலாம். ஒளு இல்லாத சிறுவனைத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு குச்சியால் ஏட்டைப் புரட்டுவதும் ஆகும். இந்தக் கடைசி விஷயத்தில் தனக்கு மூலமாக இருந்த இமாம் ராஃபிஈயைத் திருத்தி, ஆகும் என்பதே மிகச் சரி என்று நவவி தம் பெயரிலேயே பதிவுசெய்கிறார். பெட்டி பற்றிய சட்டமும் முஸ்ஹஃபுக்கென்றே வைத்த பெட்டியைத்தான் குறிக்கிறது என்று உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். தடுத்ததை மட்டும் எடுத்து, அனுமதித்ததை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு இமாமின் பெயரையும் போட்டிருக்கிறார். இது மறதியாக இருக்க முடியாது. அந்த வரி வரைக்கும் படித்தவர் அடுத்த வரியைப் படிக்காமலா இருந்திருப்பார்?

தீனார் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் உருவப்படம் இல்லாத தங்கக் காசு அடித்தார். அதில் இக்லாஸ் சூராவின் வாசகங்கள் இருந்தன. அந்தக் காசு யார் கையில்தான் போகவில்லை? கசாப்புக் கடைக்காரர் கையிலும், கிறிஸ்தவ, யூத வணிகர் கையிலும் புழங்கியது. ஒளு செய்துகொண்டு யாரும் சந்தைக்குப் போகவில்லை. பொருளின் நோக்கம் வேறாக இருக்கும்போது, அதில் இருக்கும் ஆயத்து அதை முஸ்ஹஃபு ஆக்கிவிடாது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் கண்டது இதில்தான். பேசவும், பணம் அனுப்பவும், பிள்ளையின் படத்தைப் பார்க்கவும் வாங்கிய கைப்பேசி எதற்கு நெருக்கம்? தீனாருக்கா, முஸ்ஹஃபுப் பெட்டிக்கா?

சரி, ஓதுகிற நேரத்தில் அது பலகை ஆகிவிடாதா? கட்டுரையில் பதில் சொல்லத் தகுந்த கேள்வி இது ஒன்றுதான். பலகையில் மை இருக்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் போகும். எழுத்தும் மரமும் ஒன்றாகக் கிடக்கின்றன. திரையின் கண்ணாடி மேல் எழுத்தே இல்லை. உள்ளே ஒளி, விரல் தள்ளினால் மறைந்துவிடும். ஷேக் அப்துர் ரஹ்மான் அல்பர்ராக், ஷேக் ஸாலிஹ் அல்ஃபவ்ஸான் ஆகியோர் கைப்பேசிக்கு முஸ்ஹஃபின் சட்டம் இல்லை என்று கூறியிருக்கிறார்கள். ஆயத்து தெரியும்போது திரையைத் தொட ஒளு செய்துகொள்வது பேணுதல் என்பவர்களும் உண்டு, அவர்களை மதிக்கிறேன். பேணுதல் வேறு, ஹராம் வேறு. இரண்டையும் குழப்புவது ஒரு ஆலிமுக்கு அழகல்ல.

கழிவறைக்குள் செயலியை மூடி, திரையை அணைத்துவிட்டால் அங்கே எந்த ஆயத்தும் இல்லை. 30 ஜுஸ்உவையும் நெஞ்சில் சுமக்கும் ஹாஃபிழும் கழிவறைக்குப் போகிறார். திறந்து வைத்துக்கொண்டு போவது ஒழுங்கீனம், ஓதிக்கொண்டே போவதும் அப்படித்தான். இதற்கு இரண்டு பக்கம் தேவையில்லை.

சினிமா ஓடும் கருவி என்ற வாதம் என்னைக் கோபப்படுத்துகிறது. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) குர்ஆனைத் திரட்டியபோது எதிலிருந்து திரட்டினார்? பேரீச்ச மட்டை, தட்டைக் கல், தோல், ஒட்டகத்தின் தோள்பட்டை எலும்பு. எலும்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை என்று திர்மிதியில் வரும் ஹதீஸ் ஓதுகிறவருக்குச் சொன்னது, தாளுக்குச் சொன்னதல்ல. அந்த நன்மை இல்லை என்று சொல்ல இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 1934இல் எகிப்து வானொலி தொடங்கியபோது காரீ முஹம்மது ரிஃப்அத்துக்கும் இதே தயக்கம் வந்தது. அவர் அல்அஸ்ஹரிடம் போய்க் கேட்டார்; ஆகும் என்று பதில் வந்த பிறகு ஓதினார். கேட்கத் தெரிந்தவர் அவர்.

இவ்வளவு எழுதியவர் கைப்பேசியில் உண்மையிலேயே பேண வேண்டிய ஒழுக்கம் எதையும் தொடவில்லை. ஆயத்தை ரிங்டோனாக வைத்து, ஓதல் பாதியில் இருக்கும்போதே வெட்டிவிட்டு "ஹலோ" சொல்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குர்ஆன் வாசகத்தின் நடுவே விளம்பரம் குதிக்கிற செயலிகள் இருக்கின்றன. எழுத்துரு கோளாறால் ஹரகத்து இடம் மாறிய பதிப்புகள் இருக்கின்றன. மதீனாவின் மன்னர் ஃபஹ்த் அச்சகப் பதிப்போடு ஒத்துப்பார்த்த செயலியை மட்டும் வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். குத்பா நடக்கும்போது கல்லைத் தொட்டு விளையாடுவதே வீண் செயல் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. ஜும்ஆவில் பின் வரிசையில் எத்தனை திரைகள் ஒளிர்கின்றன என்று மிம்பரில் நிற்கிறவருக்குத் தெரியாதா? குர்ஆனின் கண்ணியத்துக்கு அடி விழுவது இங்கேதான். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இளைஞர்களை விட்டுவிட்டு, சொன்னதைக் கேட்டு நடுங்கும் முதியவர்களிடம் இவருடைய கண்டிப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது.

உம்மாவிடம் மின்ஹாஜைத் திறந்து, எங்கள் ஊர் உஸ்தாதை வைத்து அந்த வரிகளை முழுவதும் வாசிக்கச் சொன்னேன். 12ஆம் நாள் மறுபடி ஓதினார். எங்கள் வீட்டுக்கு ஓர் உஸ்தாத் கிடைத்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஓதுவதை நிறுத்திய மற்ற வீடுகளுக்கு யார் போவது? கட்டுரையாளருக்கு ஒரே கோரிக்கை: அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நீங்கள் வெட்டிய வரிகளை அச்சிடுங்கள்.